ராஜாவின் காட்டில் ஒரு நாள்... சைக்கிளில்!

"இந்த வயசில சைக்கிளா? கீழே விழுந்து இடுப்பை ஒடிச்சுக்காதே!"

போனில் எங்க வீட்டுக்காரர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் புதுக்கோட்டையில். நான் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில், பெண் வீட்டில். "பேத்தியைப் பார்க்கக் கிளம்புகிறேன்" என்று முன்பு ஓர் இதழில் எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா சகோதரிகளே? அந்தப் பயணத்தில் நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பேத்திக்குப் பதினாலு மாசம். கொழுகொழுவென்று தத்தித் தத்தி நடக்கிறது. அதைப் பெற்றவள் முகத்தில்தான் சிரிப்பே இல்லை. பிள்ளைக்கு வேளாவேளைக்கு ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், அதோடு சரி. மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி, வைத்தியமும் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "நாங்களும்தான் பெத்தோம். எங்களுக்கு இதெல்லாம் வந்துதா?" என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மருந்தோடு வெளியே நடக்கவோ, சைக்கிள் ஓட்டவோ டாக்டர் சொல்லியிருந்தாராம். மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தார். "அத்தை, பக்கத்தில் நியூ ஃபாரஸ்ட் இருக்கு. பிராக்கன்ஹர்ஸ்ட் வரைக்கும் ரயிலில் இருபது நிமிஷம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நீங்க வந்தா அவளும் வருவா."

எனக்கும் சைக்கிளுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1992ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் நானும் ஒருத்தி. கேலி செய்தவர்கள் முன்னால் மணியடித்துக்கொண்டு போன அந்தத் தைரியம், இருபது வருஷமாகச் சைக்கிளைத் தொடாமல் எங்கேயோ போய்விட்டிருந்தது. ஆனாலும் பெண்ணுக்காகச் சரி என்றேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மாப்பிள்ளை சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரக் கூண்டு வண்டி ஒன்றை மாட்டி, அதில் பேத்தியை வாரால் கட்டி உட்கார வைத்தார். நான் ஏறி நூறு கெஜம்கூடப் போகவில்லை, துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது! நல்லவேளை, மெதுவாகப் போனதால் காலை ஊன்றிக்கொண்டேன். கிழிந்த துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபோது, என் பெண்ணின் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு. ஒரு துப்பட்டா போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

'புதுக் காடு' என்று பெயர். வயசோ தொள்ளாயிரத்துச் சொச்சம்! 1079ல் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம், மான் வேட்டைக்காக ஒதுக்கிய காடு இது. ராஜாவின் மானைத் தொட்டவனுக்குக் கொடிய தண்டனை. அந்த ராஜாவின் மகன், இரண்டாம் வில்லியம், 1100ல் இதே காட்டில் வேட்டைக்கு வந்தபோது அம்பு பாய்ந்து செத்துப்போனான். விபத்தா, சதியா என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1217ல் காட்டுக்கென்றே ஒரு சாசனம் எழுதி, ஏழைபாழைகளின் பழைய உரிமைகளை ஒத்துக்கொண்டார்கள். ஆடு மாடு குதிரை மேய்க்க, விறகு எடுக்க, பன்றி மேய்க்க உரிமை. நியூ ஃபாரஸ்டில் இந்த உரிமைகள் மனிதரோடு போகாமல் வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இதையெல்லாம் கவனிக்க 'வெர்டரர்' மன்றம் என்று ஒன்று இன்றைக்கும் கூடுகிறது.

பிராக்கன்ஹர்ஸ்டைத் தாண்டியதுமே குதிரைகள் வழிமறித்தன. நம்ம ஊர் ரோட்டில் மாடு நிற்கிற மாதிரி குட்டைக் குதிரைகள் நடுவழியில் அசையாமல் நிற்கின்றன. காட்டுக் குதிரை என்று நினைத்தேன். இல்லையாம். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. மேய்ச்சல் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக வால்மயிரை ஒரு தினுசாகக் கத்தரித்து விட்டிருக்கிறார்கள். அதற்குத் தின்னக் கொடுக்கவோ தொடவோ கூடாது. கடிக்கும், உதைக்கும்.

ஓக் மரங்களுக்கு அடியில் பன்றிகள் உறுமிக்கொண்டு மேய்ந்தன. இலையுதிர் காலத்தில் மட்டும் பன்றிகளைக் காட்டில் விடுகிறார்கள். ஏன் தெரியுமா? ஓக் காய்கள் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம். பன்றிக்கோ அது விருந்து. அது தின்று தீர்த்தால் இது பிழைக்கும். ஒரு பொருளும் வீணாகாமல் பார்த்துக்கொள்கிற கெட்டிக்கார மாமியார் யாரோ போட்ட கணக்கு மாதிரி இல்லை?

அங்கிருந்து பர்லி கிராமத்துக்குப் பழைய ரயில் பாதை வழியாகப் போனோம். 1847ல் போட்ட ரயில், 1964ல் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டதால் மேடு பள்ளம் இல்லாத வழி. முழங்காலுக்கு அவ்வளவு சுகம்! இரண்டு பக்கமும் மரமே இல்லாத திறந்த புதர்வெளி. ஹெதர் பூ வாடும் பருவம், அப்படியும் ஊதா நிறம் மிச்சமிருந்தது. பர்லியில் ஓலைக் கூரை வீடுகளும், சூனியக்காரி பொம்மை விற்கிற கடைகளும். வேடிக்கை பார்த்துவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "புளியோதரை இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள் என் பெண். எத்தனை மாசம் கழித்து அவள் வாயால் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கிறேன்!

சாயங்காலம் பிராக்கன்ஹர்ஸ்ட் திரும்பியபோது ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் செயின்ட் நிக்கோலஸ் சர்ச். வாசலில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட யூ மரம் ஒன்று நிற்கிறது. அங்கேயுள்ள கல்லறைகளில் ஒன்றின் மேல் 'சுக்கா' என்று நம் நாட்டுப் பெயர்!

முதல் உலகப் போரில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இந்த ஊரில் ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறார்கள். ஊருக்குள் மீரட் ரோடு என்று ஒரு தெருவே இருக்கிறது. பரேலியிலிருந்து வந்த சுக்கா அந்த ஆஸ்பத்திரியில் கடைநிலை ஊழியர். 1915 ஜனவரியில் முப்பது வயதில் இறந்துபோனார். தீண்டாமைக்கு ஆளான ஜாதியில் பிறந்தவர் என்பதால், கடைசிக் காரியத்தை யார் செய்வது என்று தயக்கம் வந்ததாம். அப்போது இந்தச் சர்ச்சின் குருதான் இடம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை என்று தெரிந்தே, ஊர் ஜனங்கள் காசு போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை இதைச் சொல்லி முடித்துக் குழந்தையோடு நகர்ந்துவிட்டார். என் பெண் மட்டும் அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை தூரத்தில, நம்ம பாஷை பேச ஒருத்தர் இல்லாம, அவருக்கு எப்படி இருந்திருக்கும்மா?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. உங்கிட்ட சொன்னா, 'எங்களுக்கு வந்துதா'ன்னு கேக்குறே."

நான் என்ன பதில் சொல்ல? "தப்புதாண்டி கண்ணு. எனக்குத் தெரியலே" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். நெடுநேரம் அழுதாள். ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த ரயிலில் போனோம்.

ஒரே நாள் சைக்கிளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். வைத்தியம் தொடர்ந்து நடக்கிறது. ஆனால் நான் ஊர் திரும்புவதற்குள் இன்னும் நாலு தடவை அந்தக் காட்டுக்குப் போய்வந்தோம். கடைசித் தடவை, "வாம்மா போகலாம்" என்று முதலில் கிளம்பியது அவள்தான்.

இனி, உங்களுக்குச் சில வார்த்தைகள்:

பிரசவமான சில நாட்களில் அழுகையும் எரிச்சலும் வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் இந்தச் சோர்வு வரலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பிறகு சைக்கிள் ஏறுவதற்கு முன், ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டரைக் கேளுங்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும்.

சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும்.

தானாக உட்கார்ந்து தலை ஆடாமல் இருக்கிற குழந்தையைத்தான் சைக்கிள் சீட்டிலோ கூண்டு வண்டியிலோ ஏற்றலாம். ஹெல்மெட், வார் இரண்டும் கட்டாயம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டாவோ, வீட்டிலேயே இருக்கட்டும்!

கடைசியாக, என்னைப் போன்ற அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் ஒன்று. "எங்களுக்கு வந்துதா?" என்று கேட்காதீர்கள். "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கூடவே இருங்கள்.