அந்திக்கால மணமும் ஆவணக் கடமையும்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். இளமையில் துணையை நாடுவது இயல்பு எனில், முதுமையில் அத்துணையை இழந்தோர் மீண்டும் ஒரு துணையை நாடுவதும் இயல்பேயாகும். அன்னை கதீஜா நாயகியாரின் மறைவுக்குப் பின், ஏறத்தாழ ஐம்பது வயதில் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கைம்பெண்ணாகிய சவ்தா நாயகியாரை மணந்து கொண்டார்கள் என்பது வரலாறு. துணையற்றோர்க்கு மணமுடித்து வைக்கும் பொறுப்பைத் திருமறையின் அந்நூர் அத்தியாயம் சமுதாயத்தின் மீதே சுமத்துகிறது.

எனினும் நம் மஹல்லாக்களில் அறுபதைக் கடந்த ஒருவர் மறுமணம் பற்றி வாய் திறந்தால் வீடே அதிர்கிறது. "இந்த வயதில் இது தேவையா?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். அக்கேள்வி வெட்கத்தால் எழுவது போலத் தோன்றினும், அதன் பின்னே நிற்பது பெரும்பாலும் சொத்து பற்றிய அச்சமே. அவ்வச்சத்தைப் பேராசை என்று பழிப்பதும் தகாது. புதிதாய் வரும் துணைவியை அபகரிக்க வந்தவள் என்று ஏசுவதும் தகாது. குற்றம் இருவரிடத்தும் இல்லை. பேச வேண்டியதைப் பேசாமலும், எழுத வேண்டியதை எழுதாமலும் விட்டுவிடும் நம் மௌனத்திலேயே குற்றம் இருக்கிறது என்பது என் கருத்து.

சட்டம் கூறுவதை முதற்கண் நோக்குவோம். இந்திய முஸ்லிம்களின் வாரிசுரிமை, 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின்படி மார்க்க நெறியைப் பின்பற்றியே அமைகிறது. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. இல்லையேல் நான்கில் ஒரு பங்கு. மணமாகி நாற்பது ஆண்டுகள் ஆயினும் நான்கு மாதங்களே ஆயினும் பங்கில் வேறுபாடு இல்லை. பெற்றோர் முன்னரே காலமாகிவிட்ட ஒருவர், கடன்கள் போக 40 இலட்சம் மதிப்புள்ள ஒரு வீட்டை மட்டும் விட்டுச் செல்கிறார் எனக் கொள்வோம். மறுமணம் செய்த மனைவிக்கு 5 இலட்சம். இரு மகன்களுக்குத் தலா 14 இலட்சம். மகளுக்கு 7 இலட்சம். கணக்கு நேரானது. ஆனால் இத்தா முடிந்த மறுநாள் அம்மூதாட்டி எங்கே வசிப்பார்? வீட்டை விற்றுப் பங்கு பிரித்தால், 5 இலட்சத்தைக் கையில் ஏந்தி அவர் யார் வாயிலில் நிற்பார்?

மறுபக்கமும் உண்டு. அப்பெண்மணிக்கு 16 இலட்சம் மதிப்புள்ள சொத்து இருந்து, முந்திய மணத்தின் பிள்ளைகளும் இருந்து, அவர் முதலில் காலமானால், கணவருக்கு நான்கில் ஒரு பங்காக 4 இலட்சம் சேரும். பின்னர் கணவர் மறையும்போது அத்தொகை அவருடைய வாரிசுகளுக்கே செல்லும். அப்பெண்மணியின் பிள்ளைகளுக்குத் திரும்பாது. மாற்றாந்தாய்க்கும் கணவரின் முன்தாரத்துப் பிள்ளைகளுக்கும் இடையே வாரிசுரிமை இல்லை என்பதைப் பலர் அறியார்.

"வஸிய்யத் எழுதிவிட்டால் போயிற்று" என்பர் சிலர். வஸிய்யத் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசான மனைவிக்கோ பிள்ளைக்கோ எழுதினால், ஏனைய வாரிசுகளின் இசைவின்றிச் செல்லாது. ஹனபி நெறிப்படி அவ்விசைவும் எழுதியவர் இறந்த பின்னரே அளிக்கப்படுதல் வேண்டும். ஆனால் துணையின் முன்மணப் பிள்ளைகள் வாரிசுகள் அல்லர் ஆதலின், அவர்களுக்கு அம்மூன்றில் ஒரு பங்குக்குள் தாராளமாக எழுதலாம். பரிவு காட்ட மார்க்கம் திறந்து வைத்துள்ள வாயில் இது.

"வங்கியில் மனைவியின் பெயரை நாமினியாகக் கொடுத்துள்ளேன்" என்பது மற்றொரு மயக்கம். வங்கி வைப்புத் தொகையில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக் கொள்ளும் உரிமையுடையவரே. அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்கு வாரிசுகளையே சாரும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது மஹர். பெயரளவில் ஒரு தொகையைக் குறிக்காது, வீட்டின் ஒரு பகுதியையோ போதிய தொகையையோ மஹராக நிர்ணயித்து அப்போதே அளித்துவிடுதல் நன்று. அளிக்கப்படாத மஹர் கடனாகும். பாகப்பிரிவினைக்கு முன் அது தீர்க்கப்படுதல் வேண்டும். இரண்டாவது ஹிபா. உடல் நலத்தோடு இருக்கும்போதே, கொடுப்பதாக அறிவித்து, பெறுபவர் ஏற்று, அனுபவமும் ஒப்படைக்கப்பட்டால் ஹிபா நிறைவுறும். வாய்மொழி ஹிபாவும் செல்லும். எழுதப்பட்ட ஹிபா பதிவு செய்யப்படாமையால் மட்டும் செல்லாததாகிவிடாது என உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. எனினும், பிற்கால வழக்கைத் தவிர்க்கப் பதிவு செய்தலே அறிவுடைமை. மரணப் படுக்கையில் செய்யப்படும் ஹிபா வஸிய்யத்தின் வரம்புகளுக்கு உட்பட்டுவிடும் என்பதையும் மறத்தலாகாது. மூன்றாவது, 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி மணத்தைப் பதிந்து, ஓய்வூதிய ஆவணங்களிலும் துணையின் பெயரைச் சேர்த்தல். ஓய்வு பெற்ற பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என மத்திய அரசு ஊழியர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே கூறியுள்ளது.

மணப்பேச்சில் பணப்பேச்சு அழகன்று எனச் சான்றோர் சிலர் கருதலாம். ஆனால் மஹர் கூறாமல் நம்மிடையே நிக்காஹ் உண்டா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் விரிவாக வலியுறுத்தும் திருமறையைக் கொண்ட சமுதாயம், எழுத்துக்கு நாணுவது முறையன்று. எழுதி வைப்பது அவநம்பிக்கையின் அடையாளம் அன்று. நாம் இல்லாத நாளிலும் நம் சொல் நிற்க வேண்டும் என்னும் பொறுப்பின் அடையாளம்.

ஆதலின் ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஐம்பதைக் கடந்தோரின் நிக்காஹ்வைத் தப்தரில் பதியுமுன், இருதரப்புப் பிள்ளைகளையும் அமரச் செய்து, ஓர் ஆலிமும் ஒரு வழக்கறிஞரும் உடனிருக்க, மஹர் எவ்வளவு, வசிப்பிடம் எது, எது எவருக்குரியது என்பனவற்றை எழுதி ஒப்பமிடச் செய்யுங்கள். அத்தாளினால் வாரிசுப் பங்குகள் மாறிவிடா. ஆயினும் மஹரும் ஹிபாவும் பிற்காலத்தில் மறுக்கப்படாமல் காக்கப்படும். அதைவிட மேலாக, அந்த ஒரு மணி நேரப் பேச்சு பல ஆண்டுப் பகையைத் தடுக்கும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் தந்தையோ தாயோ தனிமையில் வாடி நிற்கும்போது, "சொத்து என்னாகும்?" என்று கேட்குமுன், "உங்களுக்கு யார் துணை?" என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு விடை தாளில் எழுதக் கூடியது. இரண்டாவதற்கு விடை காண உங்கள் உள்ளம் இசைய வேண்டும்.