அட்டை எம்முடையது, ஆவணம் யாருடையது?

"லினக்ஸ் நிறுவினேன், வயர்லெஸ் வேலை செய்யவில்லை. இலவசச் சரக்கு இப்படித்தான் இருக்கும்." இந்த முறைப்பாட்டைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். முறைப்பாடு நியாயமானது. ஆனால் கூண்டில் ஏற்றப்படுபவர் குற்றவாளி அல்லர் என்பதே என் வாதம்.

வலையட்டை இயங்க 'இயக்கி' என்னும் மென்பொருள் வேண்டும். அதை எழுதுவதற்கு, அட்டையின் எந்தப் பதிவகத்தில் எந்தப் பெறுமதியை இட்டால் என்ன நிகழும் என்று கூறும் ஆவணம் வேண்டும். வின்டோசுக்கான இயக்கியைத் தானே எழுதிக் கொடுக்கும் உற்பத்தியாளர், அந்த ஆவணத்தை மட்டும் பூட்டி வைத்தால் மற்றவர் என்ன செய்வது? புரோட்கொம் கம்பியில்லா அட்டைகளின் கதை இதுதான். தன்னார்வலர்களில் ஒரு குழு அந்நிறுவனத்தின் இயக்கியைப் பகுத்தாராய்ந்து குறிப்பெழுத, இன்னொரு குழு அக்குறிப்பைக் கொண்டு புதிய இயக்கியை எழுதியது. தன் புதிய அட்டைகளுக்கான திறந்த இயக்கியை நிறுவனமே வெளியிட்டது 2010 செப்ரெம்பரில்தான். அதெரொஸ் நிறுவனம் அதற்கு இரண்டு வருடங்கள் முன்பே அதைச் செய்துவிட்டது. ஆக, தடை தொழில்நுட்பத்தில் இருக்கவில்லை, மனத்தில்தான் இருந்தது.

திறந்த மூலத்தில் பிழையே வராதா எனக் கேட்பீர்கள். வரும். 2008இல் லினக்ஸ் கருனி 2.6.27இன் சோதனைப் பதிப்புகள் சில இன்ரெல் வலையட்டைகளின் நிலைநினைவகத்தையே சிதைத்தன. பழி முதலில் அட்டையின் இயக்கி மீது விழுந்தது. ஆராய்ந்தபோது கருனியின் வேறொரு பகுதியான 'எஃப்ட்ரேஸ்' காரணம் எனத் தெரியவந்தது. நிரலை எவரும் படிக்க முடிந்ததால் உண்மை வெளிவந்தது.

மூடிய பக்கத்தையும் பாருங்கள். 2017இல் 'புரோட்பௌன்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. புரோட்கொம் வைஃபை சில்லுகளுக்குள் ஓடும் நிலைபொருளில் இருந்த இப்பிழையால், பயனர் எதையும் தொடாமலேயே ஐபோன், அன்ட்ரொயிட் கைபேசிகளைத் தாக்க இயலுமாயிருந்தது. நிலைபொருள் மூடியிருந்தமையால், கைபேசிக்குச் சொந்தக்காரர் அதைத் தானே திருத்த வழியில்லை. நிறுவனங்களின் திருத்தம் வரும்வரை காத்திருப்பதே கதி. திருத்தம் வந்து சேராத பழைய கைபேசிக்காரர் நிலை அதோகதி.

2022இல் டெபியன் திட்டத்தினர் வாக்கெடுத்து, மூடிய நிலைபொருளைத் தமது அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க முடிவு செய்தனர். 2023இல் வந்த டெபியன் 12 அப்படியே வெளியானது. அவர்களை நான் குறைகூற மாட்டேன். வலையிணைப்பே இல்லாத கணினியில் கொள்கை பேசிப் பயனில்லை. ஆனால் இதை வெற்றி என்று கொண்டாடுவோரோடு என்னால் உடன்பட முடியாது. இது ஒரு சமரசம். சமரசத்தைச் சமரசம் என்றே எழுத வேண்டும் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம்.

ஆகவே அடுத்த மடிக்கணினியை வாங்குமுன், அதன் வலையட்டை எது, அதற்குத் திறந்த இயக்கி உண்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாதிருக்கலாம். பலர் கேட்டால், தெரிந்துகொள்ளும் கட்டாயம் அவருக்கு ஏற்படும். காசு கொடுப்பவர் கேள்வி கேட்காதவரை, ஆவணம் பூட்டியேதான் கிடக்கும்.