இலக்கணமா, இரும்பு வேலியா?

எங்கள் படிப்பகத்துக்கு மாலைதோறும் வருகிற மாணவர்களில் ஒருவன், எட்டாம் வகுப்புப் படிப்பவன். அவனுடைய தமக்கைக்குத் திருமணம். பள்ளியில் ஒரு நாள் விடுப்பு வேண்டும். “ஆங்கிலத்திலே கடிதம் எழுது, பார்க்கலாம்” என்றேன். நொடியும் தயங்கவில்லை, எழுதினான், நீட்டினான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கிற்று கடிதம். ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடிந்தது. எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப்பிழை இல்லை. இருந்த பிழை ஒன்றே ஒன்றுதான்: வீட்டிலே திருமணம், ஏட்டிலே காய்ச்சல்!

“காய்ச்சல் யாருக்கு?” என்று கேட்டேன். விழித்தான். அவனுக்குத் தெரிந்த விடுப்புக் கடிதம் அது ஒன்றுதான். அதிலே காய்ச்சலைக் குறிக்கும் சொல் எது, அதை அகற்றிவிட்டுத் திருமணத்தை எங்கே அமர்த்துவது என்பதை, இத்தனை ஆண்டுப் படிப்பில் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. மதிப்பெண் மட்டும் கொடுத்திருக்கிறார்கள், பத்துக்குப் பத்து!

பொருள் அறியாது ஓதுவதற்கு நம் நாட்டிலே ஒரு பெயர் உண்டு: மந்திரம். அதைக் கோயிலிலே ஓதினால், “பொருள் என்ன?” என்று கேட்கிறோம். பள்ளியிலே ஓதினால், “நல்ல பிள்ளை” என்று பாராட்டுகிறோம். இது என்ன பகுத்தறிவு?

‘நவுன் என்பது யாது?’ என்று கேளுங்கள், ஆங்கிலத்திலே ஒப்பிப்பான். ‘டென்ஸ் எத்தனை வகைப்படும்?’ என்று கேளுங்கள். பன்னிரண்டு பெயர்களையும் மூச்சு விடாமல் அடுக்குவான். ‘நேற்று நீ எங்கே போனாய்?’ என்று கேளுங்கள், ஊமையாகி நிற்பான். நீச்சலைப் பற்றிய நூலை நெட்டுருச் செய்தவனை ஆற்றிலே தள்ளிவிட்டு, “ஏன் மூழ்குகிறாய்?” என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

இந்த முறையால் இழப்பு யாருக்கு? வீட்டிலே ஆங்கில ஏடு கிடக்கிற, தாயும் தந்தையும் ஆங்கிலம் அறிந்த பிள்ளைக்கு இழப்பில்லை. பள்ளி சொல்லித் தராததை வீடு சொல்லித் தந்துவிடும். களத்து மேட்டிலிருந்தும், தறிக்குழியிலிருந்தும், சலவைத்துறையிலிருந்தும் வருகிற முதல் தலைமுறைப் பிள்ளைக்குத்தான் பள்ளியைத் தவிர வேறு வாசல் இல்லை. அந்த வாசலிலே நெட்டுரு என்னும் இரும்பு வேலியை நட்டுவிட்டு, “திறமை இல்லை, அதனால் தேறவில்லை” என்று தீர்ப்பும் எழுதுகிறார்கள். பட்டம் பெற்றுப் பொறியியல் தேறிய இளைஞன் நேர்காணலிலே இரண்டு வாக்கியம் பேச முடியாமல் தலை குனிந்து வெளியேறுகிறானே, அந்தக் குனிவு அன்று தொடங்கியதல்ல. அந்தக் காய்ச்சல் கடிதத்திலே தொடங்கியது.

இந்த வேலியின் வரலாறும் பழையது. 1835-இல் மெக்காலே தம் கல்விக் குறிப்பை எழுதியபோது, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே நிற்கும் ஒரு வகுப்பை உருவாக்குவதே தம் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார். எல்லோருக்கும் ஆங்கிலம் தருவதல்ல, சிலருக்குத் தருவது, பேசுவதற்கன்று, பணிவதற்கு. வெள்ளையர் ஆட்சி 1947-இல் போயிற்று. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்னும் வால் மட்டும் நம் பிள்ளைகளின் கடிதத்திலே இன்னும் ஆடுகிறது!

இனி, இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மலையிலே தீப்பிழம்பின் நடுவே அருளப்பட்டதா? இல்லை. 1762-இல் இராபர்ட் லௌத் என்பவர், பின்னாளில் இலண்டன் மாநகர ஆயரானவர், ஓர் இலக்கணச் சிறுநூல் எழுதினார். சேக்சுபியரிடத்திலும் மில்டனிடத்திலுமே பிழை கண்டுபிடித்தார்! 1795-இல் லிண்ட்லி மரே, பெரிதும் அவர் வழியைப் பின்பற்றி எழுதிய நூல் பள்ளிதோறும் பரவிற்று. இவர்களுக்கெல்லாம் இலத்தீன் இலக்கணமே அளவுகோல். வேறொருவனுக்குத் தைத்த சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டி, “உடம்பு சரியில்லை” என்றார்கள்.

இலத்தீனைக் கற்ற பிள்ளைகளின் நிலை என்ன? பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சர்ச்சில், தம் இளமைக்கால வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ‘மேசை’ என்னும் சொல்லின் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்யச் சொன்னார் ஆசிரியர். ‘ஓ மேசையே!’ என்றொரு விளி வேற்றுமை அதிலே இருந்தது. “இது எதற்கு?” என்று கேட்டான் சிறுவன். “மேசையோடு பேசும்போது பயன்படும்” என்றார் ஆசிரியர். “நான் மேசையோடு பேசுவதே இல்லையே!” என்றான் சிறுவன். கிடைத்தது விடையல்ல, தண்டனை பற்றிய எச்சரிக்கை. கேள்வி கேட்டால் பிரம்பு! இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகச் சொன்னேன்; ஆறுதலுக்காக அல்ல.

ஆங்கில இலக்கணத்தை வழக்கிலிருந்து ஆராய்ந்து, 1909 முதல் 1949 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த பெருநூலைத் தந்தவர் யார் தெரியுமா? ஆங்கிலேயர் அல்லர், டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எசுப்பர்சன். அயல்மொழியாளர் ஒருவர் ஆங்கிலேயருக்கே அவர்கள் மொழியை விளக்கினார். அச்சத்தை விட்டவனுக்கு ஆங்கிலம் அவ்வளவுதான்!

அச்சத்தை விட்டு அருகே சென்று பார்ப்போமா?

தமிழ்ச் சிறுவன், ஐந்து வயதுக்குள் ‘செல்கிறேன், செல்கிறாய், செல்கிறான், செல்கிறாள், செல்கிறார், செல்கிறது’ என்று இடமும் பாலும் எண்ணும் பிரித்து வினைமுற்றுச் சொல்கிறான். ஆங்கிலத்திலே ‘கோ’ என்னும் வினைக்கு மொத்த வடிவமே ஐந்து: கோ, கோஸ், வென்ட், கான், கோயிங். இத்தனை நுட்பமான தாய்மொழியை விளையாட்டாகக் கற்ற மூளைக்கு, அந்த ஐந்து வடிவம் ஏறாதா? ஏறும். எங்கே தமிழும் ஆங்கிலமும் வழி பிரிகின்றன என்பதைக் காட்டினால் ஏறும்.

‘டிட் ஹீ வென்ட்?’ என்று எழுதுகிறான் மாணவன். சிவப்பு மையால் அடிக்கிறார் ஆசிரியர். ஏன் தவறு என்று சொல்வதில்லை. ‘போனானா?’ என்னும் தமிழ்ச் சொல்லிலே காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. கேள்வியோ ‘ஆ’ என்று கடைசியில் வந்து ஒட்டுகிறது. ஆங்கிலத்திலே கேள்வி கேட்க ‘டூ’ என்னும் துணைவினை முன்னே வருகிறது. காலம் காட்டும் பொறுப்பை அதுவே ஏற்றுக்கொண்டு ‘டிட்’ ஆகிவிடுகிறது. பொறுப்பு இறங்கிய ‘வென்ட்’ பழையபடி ‘கோ’ ஆகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு காவலாள் போதும். ‘ஹீ கோஸ்’ என்பதிலுள்ள ‘ஸ்’ ஒலியும் அப்படியே. ‘டஸ் ஹீ கோ?’ என்று கேட்கும்போது அது ‘டஸ்’ஸிலே போய் அமர்ந்துவிடுகிறது. இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத் தராமல், ஐந்தாண்டு அடி கொடுக்கிறார்கள்!

‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி’ என்கிறான். ஏன்? ‘நாள்தோறும் போகிறேன்’, ‘இதோ போகிறேன்’ இரண்டுக்கும் தமிழிலே ‘போகிறேன்’ ஒன்றே. ஆங்கிலம் வழக்கமாகச் செய்வதை ‘ஐ கோ’ என்றும், இப்போது செய்துகொண்டிருப்பதை ‘ஐ ஆம் கோயிங்’ என்றும் பிரிக்கிறது. ‘சிம்பிள் பிரசன்ட் என்றால் நிகழ்காலம்’ என்று மட்டும் ஒப்பித்தவனுக்கு இந்தப் பிரிவு எப்படித் தெரியும்?

‘எ, இ, ஐ, ஓ, யூ என்னும் உயிரெழுத்துக்கு முன் ஆன் வரும்’ என்று கற்பிக்கிறார்கள். அப்படியானால் ‘எ யுனிவர்சிட்டி’ என்பதும் ‘ஆன் அவர்’ என்பதும் எப்படி வந்தன? விதி எழுத்துக்கு அல்ல, ஒலிக்கு. ‘யு’ என்று ஒலித்தால் அது உயிரொலி அல்ல. ‘அவர்’ என்று ஒலிக்கும்போது எழுத்திலே நிற்கும் ‘எச்’ வாயிலே இல்லை. காதால் கேட்டவன் தேறுகிறான். விதியை நம்பியவன் வழுக்கி விழுகிறான்!

‘யூ’ ஒருவரைக் குறிக்கும்போதும் ஏன் ‘ஆர்’ வருகிறது? முன்பு ஆங்கிலத்திலே ‘தௌ’ என்றால் ‘நீ’. ‘யூ’ என்றால் ‘நீங்கள்’. மதிப்புக்குரிய ‘நீங்கள்’ நாளடைவில் எல்லோருக்கும் பொதுவாயிற்று, ‘நீ’ வழக்கொழிந்தது. பன்மையாக இருந்ததன் தழும்புதான் அந்த ‘ஆர்’. அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே சொல்! இப்படிச் சொன்னால் மறக்குமா பிள்ளை?

ஆனால் இவற்றையெல்லாம் தமிழிலே சொல்ல வேண்டும். அங்கேதான் ஒரு சாராருக்கு ஆத்திரம் வருகிறது. “ஆங்கில வகுப்பிலே தமிழ் ஒலிக்கக் கூடாது” என்கிறார்கள். தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளிகளும் உண்டு. கேட்கிறோம்: தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவதா, தெரியாததைக் கொண்டு தெரியாததை அறிவதா? வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணத்தை இலத்தீனிலே எழுதினார். தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமாருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. ஐரோப்பியன் தமிழ் கற்கத் தன் மொழி துணையாகலாம். தமிழன் ஆங்கிலம் கற்கத் தமிழ் துணையாகக் கூடாதா? இது கல்விமுறை அல்ல, தீண்டாமை!

இன்னொரு சாரார் எதிர்முனைக்கு ஓடுகிறார்கள். “இலக்கணமே வேண்டாம், பேசு, பேசு, வந்துவிடும், முப்பதே நாளில் வந்துவிடும், பணத்தை மட்டும் கட்டு” என்கிறார்கள். பிள்ளையைச் சுற்றி நாளெல்லாம் ஆங்கிலம் ஒலிக்குமானால் தானாக வரலாம். வாரத்திலே சில மணிநேரம் மட்டும் அதைக் கேட்பவனுக்கு, வழியைச் சுட்டுகிற கைகாட்டி வேண்டும். இலக்கணம் கைகாட்டி. அதைக் கட்டிக்கொண்டு நிற்பவனும் ஊர் போய்ச் சேரமாட்டான்; பிடுங்கி எறிந்தவனும் சேரமாட்டான்.

நடக்க வேண்டும். அதுதான் பயிற்சி. 1922-இல் ஜப்பான் சென்று ஆங்கிலக் கல்வியைச் சீர்திருத்த முயன்ற ஹெரால்டு பால்மர், மாற்றுச்சொல் அட்டவணை என்னும் முறையைக் கையாண்டவர். ஒரு வாக்கியத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லை மாற்றி மாற்றிச் சொல்வது. மூன்று கட்டம், கட்டத்துக்கு ஐந்து சொல் என்றால், நூற்றிருபத்தைந்து வாக்கியம்! வங்காளத்திலே பணியாற்றிய மைக்கேல் வெசுட்டு, 1953-இல் ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட அடிப்படைப் பட்டியலை வெளியிட்டார். பெருவாரியாகப் புழங்கும் சொற்கள் அவ்வளவே. இரண்டாயிரம் சொல், இருபது முப்பது வாக்கிய அமைப்பு, நாள்தோறும் அரைமணி நேரம். இதிலே தேவமொழியின் திருவருள் எங்கே வேண்டியிருக்கிறது?

“ஆங்கிலத்துக்கு இத்தனை பரிந்து பேசுகிறாயே, தமிழ் என்னாவது?” என்று சிலர் கேட்கலாம். 1968-இல் தமிழக சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிற்று. அந்த இரண்டிலே ஒன்றைப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கற்பிக்காமல் விட்டால், கொள்கை ஏட்டிலே இருக்கும். பயன் மேட்டுக்குடி வீட்டிலே இருக்கும். தமிழ் நம் உயிர். ஆங்கிலம் நம் கருவி. கருவியைக் கும்பிடுவதும் மடமை. பிடிக்கத் தெரியாமல் கையை அறுத்துக்கொள்வதும் மடமை.

கடைசியாக நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம் நடுவிலேயே இல்லையா? வெள்ளைக்காரர் தமிழைக் கொச்சையாகப் பேசினால் கை தட்டுகிறோம். நம் தோழன் ஆங்கிலத்திலே ஒரு ‘இஸ்’ விட்டுவிட்டால் எள்ளி நகையாடுகிறோம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையிலே முழங்கிவிட்டு, உச்சரிப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதா? அந்தச் சிரிப்பும் வேலிதான். அதை நட்டது மெக்காலே அல்ல, நாம்.

அந்த மாணவனிடம் வருவோம். கடிதத்தைக் கிழிக்கவில்லை. காய்ச்சல் நின்ற இடத்தைக் காட்டினேன். அங்கே என்ன வைப்பாய் என்று கேட்டேன். நெடுநேரம் எண்ணினான். ‘ஆஸ் மை சிஸ்டர் மேரேஜ் டுமாரோ’ என்று எழுதினான். பிழைதான்! ‘அக்காவின் திருமணம்’ என்பதிலுள்ள ‘இன்’ ஆங்கிலத்திலே விட்டுப்போயிற்று. ‘நாளை திருமணம்’ என்று வினையின்றி நிற்கும் தமிழ் வாக்கியம், ஆங்கிலத்திலே ‘இஸ்’ இன்றி நிற்காது. இரண்டையும் சொன்னேன், திருத்தினான். பிறகு தானாகவே ‘பிரதர்’ வைத்தான், ‘ஃப்ரண்ட்’ வைத்தான், ‘டீச்சர்’ வைத்தான்; ஊரெல்லாம் திருமணம் நடத்தினான்!

பிழையோடு அவன் எழுதிய அந்த ஒரு வரி, பிழையின்றி ஒப்பித்த அத்தனை கடிதங்களையும்விட உயர்ந்தது. ஏனென்றால் அதுதான் அவன் சொல்ல நினைத்தது.

தோழர்களே! ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். மாலையிலே விளக்கு எரிகிறது, ஏடுகள் கிடக்கின்றன. அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணக்கட்டி, தமிழிலே விளக்கம், ஆங்கிலத்திலே பயிற்சி. “ஏன்?” என்று கேட்கும் பிள்ளைக்கு முதலிடம். சிரிப்பவனுக்கு இடமில்லை. வேலி தானாக விழாது; பிடுங்க வேண்டும். இன்று மாலையே தொடங்குவோம்!