நிற்கத் தெரிந்த வீரம்

வீரத்தைப் போற்றாத நாடு இல்லை. தமிழ்நாடோ அதனைப் பெரிதும் போற்றிய நாடு. பகைவரை எதிர்த்து நின்றபோது மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று நம் முன்னோர் பெருமையுடன் கூறினர். அம்மரபில் வந்த நாம், காயம்பட்ட காலோடு ஓடிப் பந்தயத்தை முடித்தவரைக் கண்டால் கைதட்டுகிறோம். இடையில் நின்றுவிட்டவரைக் கண்டால் இரங்குகிறோம். சில வேளைகளில் இகழவும் செய்கிறோம். இது முறைதானா? வலியைப் பொருட்படுத்தாமல் ஓடுவது ஒன்றுதான் வீரமா? நின்றவர் எல்லாரும் கோழையரா? இவ்வினாக்களுக்கு விடை காண உதவும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ஓரியன்டீரிங். தமிழில் திசையறி ஓட்டம் எனலாம்.

இவ்விளையாட்டு ஐரோப்பாவின் வடபகுதியில் தோன்றியது. பொதுமக்கள் கலந்துகொண்ட முதற்போட்டி 1897-ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் நடைபெற்றது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்பவர் 1919-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகில் பெரியதொரு போட்டியை நடத்தி, இதனை இளைஞரிடையே பரப்பினார். 1961-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. முதல் உலகப் போட்டி 1966-இல் பின்லாந்தில் நடைபெற்றது.

ஓடுபவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிலப்படமும் ஒரு திசைகாட்டியும் இருக்கும். படத்தில் தொடங்கும் இடம் முக்கோணத்தாலும், முடியும் இடம் இரட்டை வட்டத்தாலும் குறிக்கப்பட்டிருக்கும். இடையில் எண்ணிட்ட வட்டங்கள் பல இருக்கும். வட்டமிட்ட ஒவ்வோர் இடத்திலும் வெள்ளையும் செம்மஞ்சளுமான அடையாளத் துணி ஒன்று தொங்கும். ஓடுபவர் அவ்விடங்களை வரிசை தவறாமல் அடைந்து, அங்குள்ள கருவியில் தம் வருகையைப் பதிந்துவிட்டு அடுத்த இடம் நோக்கி ஓட வேண்டும். ஓரிடத்தைத் தவறவிட்டாலும் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. எவ்வழியே செல்வது என்பதை எவரும் சொல்லித் தரமாட்டார். மேட்டின்மீது ஏறிக் கடப்பதா, அதனைச் சுற்றிச் செல்வதா என்பதை ஓடுபவரே முடிவு செய்தல் வேண்டும். 1:10,000 என்னும் அளவில் வரைந்த படமானால், அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 100 மீட்டர். பழுப்புக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். நீல நிறம் நீர்நிலையைக் காட்டும். கரும்பச்சை நிறம் புகுந்து செல்லுதற்கு அரிய புதரைக் காட்டும். நுழையக்கூடாத இடங்களுக்கும் தனிக்குறி உண்டு. ஆகவே, இவ்வோட்டத்தில் விரைந்த கால் மட்டும் வெற்றி தருவதில்லை. தாம் நிற்கும் இடத்தை அறிந்தவரே வெல்வர்.

பெருந்தலைவர் காமராசர் பிறந்த விருதுநகரையும், அதற்குத் தென்மேற்கே உள்ள சிவகாசியையும் சூழ்ந்த நிலப்பரப்பில் இத்தகைய ஓட்டம் ஒன்று நடைபெறுவதாக எண்ணிப் பார்ப்போம். அதற்கு வரையும் படத்தில் என்னென்ன இருக்கும்? கரிசல் வயல்கள் இருக்கும். கண்மாய்க் கரைகள் இருக்கும். மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஓடைகளும், சீமைக் கருவேலங்காடுகளும், பனை வரிசைகளும் இருக்கும். ஒன்றற்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட பட்டாசு ஆலை அறைகளும் இருக்கும். அவை அமைந்த வளாகங்கள் நுழையக்கூடாத இடங்கள் என்று குறிக்கப்படும். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவ்வெடிப்பில் பாதம் சிக்கினால் முழங்கால் திருகிக்கொள்ளும். மழைக்காலத்திலோ அதே மண் காலில் அப்பிக்கொண்டு நடையையும் தடுக்கும்.

இந்நிலத்தில் ஒரு மாணவி ஓடுவதாகக் கொள்வோம். சில வாரங்களுக்கு முன் அவளுடைய முழங்காலில் அடிபட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, பார்த்து ஓடலாம் என்று மருத்துவரும் இசைவு தந்துள்ளார். மூன்றாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு நேர்வழியே சென்றால் 400 மீட்டர் தொலைவு. ஆனால் வெடித்த கரிசலையும் ஓடைப் பள்ளத்தையும் கடக்க வேண்டும். கண்மாய்க் கரைமேல் சுற்றிச் சென்றால் 700 மீட்டர் தொலைவு. ஆயினும் அது கால் ஊன்றி நடக்கத்தக்க பாதை. உடல்நலம் உள்ளவளுக்கு நேர்வழி ஏற்றதாகலாம். இவளுக்குச் சுற்றுவழியே ஏற்றது. சுற்றிச் செல்வது தோல்வி ஆகாது. நிலப்படத்தைப் படித்தது போலவே தன் உடலையும் படித்துத் தேர்ந்த வழி அது.

உடலைப் படித்தல் என்றால் என்ன? முழங்கால் என்பது தொடையெலும்பும் கீழ்க்காலெலும்பும் முழங்காற்சில்லும் கூடும் மூட்டு. உறுதியான நார்கள் அவற்றைப் பிணைத்துள்ளன; எலும்புகளுக்கு இடையே குருத்தெலும்பு மெத்தைபோல் அமைந்துள்ளது. அக்குருத்தெலும்பின் பெரும்பகுதிக்குக் குருதியோட்டம் மிகக் குறைவு. ஆதலால், தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் அதில் ஏற்பட்ட கிழிசல் எளிதில் ஆறுவதில்லை. ஏறும்போது தாங்கும் சுமையைவிட இறங்கும்போது முழங்கால் தாங்கும் சுமை மிகுதி. வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி மலைக்குச் சென்று திரும்பும் அடியார்களைக் கேட்டால், ஏற்றத்தில் மூச்சு வாங்கியதையும் இறக்கத்தில் முழங்கால் நொந்ததையும் கூறுவர்.

வலியும் ஒரே வகையினது அன்று. நெடுநேரம் ஓடியதால் தசையில் தோன்றும் களைப்பு ஒருவகை. அதனைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதே பயிற்சி. மூட்டு வீங்குதல், மடக்கவோ நீட்டவோ இயலாமல் பூட்டிக்கொள்ளுதல், உடலைத் தாங்காமல் கால் மடங்கிவிடுதல் ஆகியவை மற்றொருவகை. இவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. நில் என்று உடல் இடும் ஆணைகள். முதல்வகை வலிக்கு அஞ்சி நிற்பது சோம்பல். இரண்டாம் வகை வலியை மறைத்து ஓடுவது அறியாமை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே விளையாட்டு வீரர் பெறவேண்டிய முதற்கல்வி என்பேன்.

உலகம் வியந்த நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் சப்பானியச் சீருடற்பயிற்சி வீரர் ஷுன் ஃபுஜிமோட்டோவின் முழங்காற்சில்லு தரைப்பயிற்சியின்போது முறிந்தது. அதனை வெளிக்காட்டாமல் அவர் தொடர்ந்து போட்டியிட்டார். உயரத்தில் தொங்கிய வளையங்களிலிருந்து குதித்து இரு கால்களையும் ஊன்றி நின்றார். காயம் மேலும் பெரிதாயிற்று. மருத்துவர்கள் அவரைத் தடுத்து நிறுத்தினர். அவர் அணி தங்கம் வென்றது. அவருடைய மனவுறுதியைப் பாராட்டாதவர் இலர். ஆயினும், மீண்டும் அவ்வாறு செய்வீரா என்று பிற்காலத்தில் கேட்டபோது, செய்யமாட்டேன் என்றே அவர் விடையளித்தார். கைதட்டியவர்கள் வீடு திரும்பிவிட்டனர். முறிந்த முழங்காலுடன் வாழ வேண்டியவர் அவர் ஒருவரே அன்றோ?

இதனோடு நம் நாட்டு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டின் வரலாற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் சீன வீராங்கனை ஒருவருடன் பொருதபோது அவருடைய முழங்கால் காயமுற்றது. அவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் களத்திலிருந்து கொண்டுசென்றனர். அறுவை மருத்துவம் செய்துகொண்டு, பொறுமையுடன் பயின்று, அவர் களத்துக்கு மீண்டார். 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே சீன வீராங்கனையை வென்றதோடு தங்கப் பதக்கத்தையும் பெற்றார். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. நின்ற இடம் அவர் பயணத்தின் முடிவாகவில்லை.

நிற்பதன் அருமையைச் சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வானில் இடி முழங்கினால் பட்டாசு அறையில் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும் என்பது விதி. ஓர் அறையில் இத்தனை பேர்க்கு மேல் இருத்தல் கூடாது. இத்தனை அளவுக்கு மேல் மருந்து வைத்தல் கூடாது. தீப்பொறி எழுப்பும் இரும்புக் கருவியைப் பயன்படுத்தல் கூடாது என்றெல்லாம் விதிகள் உள்ளன. செய்த அளவுக்கு ஏற்பக் கூலி பெறுவோர்க்கு, வேலை நின்றால் வருவாயும் நிற்கும். எனினும் இடியோசை கேட்டு வெளியேறிய தொழிலாளியைக் கோழை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. இன்னும் சிறிது நேரந்தானே, இன்னும் சிறிதளவுதானே என்று எல்லை கடந்தபோதெல்லாம் அவ்வட்டாரம் கண்ணீர் வடித்திருக்கிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இங்கே மற்றோர் உண்மையும் விளங்குகிறது. நிற்க வேண்டும் என்று அறிவது மட்டும் போதாது. நிற்பதற்கு உரிமையும் வேண்டும். நின்றால் நாளைக்கு வேலை இல்லை என்று மிரட்டப்படுபவர் எங்ஙனம் நிற்பார்? நின்றால் பள்ளியின் பெயர் கெடும் என்று கேட்டு வளர்ந்த மாணவர் எங்ஙனம் நிற்பார்? ஆகவே, நிற்பவரை நிற்கவிடுவது உடனிருப்போர் கடமை. பயிற்சியாளரும் ஆசிரியரும் பெற்றோரும் தோழரும் இக்கடமையை மறத்தல் ஆகாது. ஒரு கேடயம் பள்ளியின் அலமாரியில் இருக்கும். கெட்ட முழங்காலோ அம்மாணவருடன் ஐம்பது அறுபது ஆண்டுகள் நடக்கும்.

அவ்வாறாயின் உடற்குறை உடையவர் போட்டியிடவே கூடாதா என்று நீங்கள் வினவலாம். அஃது என் கருத்தன்று. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை எண்ணிப் பாருங்கள். 5 வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி, அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அவர் 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார். அவர் தம் காலின் நிலையை மறைத்துத் தாண்டவில்லை. அதனை நன்கறிந்து, அதற்கேற்பப் பயின்று தாண்டினார். திசையறி விளையாட்டிலும் சக்கர நாற்காலியில் செல்வோரும் கலந்துகொள்ளத்தக்க ஒரு பிரிவு உண்டு. அதில் ஓடும் விரைவுக்கு மதிப்பில்லை. நிலத்தையும் படத்தையும் பிழையின்றி ஒப்பிடும் கூர்மைக்கே மதிப்பு. அப்பிரிவுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் தனியே உலகப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன.

திசையறி ஓட்டத்தின் விதிகளுள் இரண்டு என் உள்ளத்தைக் கவர்ந்தவை. காயமுற்ற போட்டியாளருக்கு உதவுவது எல்லாப் போட்டியாளர்க்கும் கடமை என்பது ஒன்று. இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2009-ஆம் ஆண்டு அங்கேரி நாட்டு மிஷ்கோல்ட்சில் உலகத் தொடரோட்டப் போட்டி நடைபெற்றது. முன்னணியில் ஓடிய சுவீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்குச்சி ஒன்று ஆழமாகக் குத்தி இறங்கியது. பதக்கத்துக்காக அவருடன் போட்டியிட்ட பிரான்சு வீரர் தியரி ஜியோர்ஜியூ, நார்வே வீரர் ஆண்டர்ஸ் நோர்ட்பெர்க், செக் வீரர் மைக்கல் ஸ்மோலா ஆகிய மூவரும் தம் ஓட்டத்தை நிறுத்தி அவருக்கு உதவினர். நால்வர் நாடுகளும் பதக்கத்தை இழந்தன, சுவிட்சர்லாந்து வென்றது. வென்றவர் பெயரை மறந்துவிட்ட பலரும், நின்ற மூவரை இன்றும் நினைக்கின்றனர்.

இடையில் விலகியவர் முடிவிடத்துக்கு வந்து தம் விலகலைத் தெரிவித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தெரிவிக்காவிட்டால், அவர் காட்டில் எங்கோ விழுந்து கிடப்பதாக எண்ணி அனைவரும் தேடி அலைவர். விலகியதை வெட்கமின்றிச் சொல்ல வேண்டும் என்பதையே விதியாக வைத்த இவ்விளையாட்டு, எத்துணைப் பெருந்தன்மை உடையது!

மாணவர்களே! நீங்கள் மாணவர் படையிலோ சாரணர் இயக்கத்திலோ நிலப்படம் படிக்கக் கற்கும்போது, உங்கள் உடலையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். களைப்புக்கு இடங்கொடாதீர்கள், காயத்தை மறைக்காதீர்கள். மூட்டு வீங்கினால் ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். தோழர் ஒருவர் நொண்டி வரக் கண்டால் நகையாதீர்கள். தோள் கொடுத்து அழைத்து வாருங்கள். ஓடத் தெரிந்தவர் பலர். வேண்டிய இடத்தில் நின்று, காயம் ஆற்றி, மீண்டும் ஓடுபவரே நெடுந்தொலைவு செல்வர்.