கீதாரிக்கு ஒரு தேதி சொல்லுங்கள்

2022-ல் மேட்டூர் அணை மே 24 அன்றே திறந்துவிட்டது. வழக்கமான ஜூன் 12-க்குப் பத்தொன்பது நாள் முன்னால். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. நீடாமங்கலம் பக்கம் பன்னிரண்டு மா சாகுபடி செய்யும் ஓய்வுபெற்ற வாத்தியார் நான். சேதியைக் கேட்டதும் விதைநெல் மூட்டைகளைத்தான் முதலில் எண்ணினேன். வயலில் நானூறு ஆடு கிடை கிடக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கீதாரி வந்து திண்ணையோரம் நின்றார். “வாத்தியாரய்யா, தண்ணி முன்னாடியே வருதாமே?”

“ஆமாம் கீதாரி. நல்ல சேதிதானே?”

“உங்களுக்கு நல்லதுதான்யா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தஞ்சைப் பக்கம் ஆடு ஓட்டி வருகிறவர்கள் கீதாரிகள். சம்பா, தாளடி அறுப்பு முடிந்து, தாளுக்குள் விதைத்த உளுந்தும் பயறும் பறிபட்ட பிறகு, ஆற்றில் தண்ணீர் வரும்வரை எங்கள் வயல் சும்மா கிடக்கும். அதே கோடையில் அவர்கள் ஊரில் கண்மாய் வறண்டு, கருவேலங்காய் தவிர ஆட்டுக்கு ஒன்றும் இருக்காது. அங்கே பஞ்சம், இங்கே தரிசு. இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் கிடை. பகலெல்லாம் ஆடு தாளும் வரப்புப் புல்லும் மேயும். ராத்திரி எங்கள் வயலில் வலைக்குள் படுக்கும். முன்பு அதற்கு நெல் அளந்தோம், இப்போது ரூபாயாகக் கொடுக்கிறோம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக நடந்தே வந்தவர்களில் பலர் இப்போது லாரியில் ஏற்றி வருகிறார்கள்.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று என் அப்பா சொல்வார். ஆட்டெருவில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்து என்பது வேளாண்மைப் பாடநூல் கணக்கு. அதில் மூத்திரம் சேரவில்லை, அது நேரே மண்ணுக்குள் போய்விடுகிறது. நடுச்சாமத்தில் கீதாரி எழுந்து கம்பைத் தட்டி ஆடுகளைக் கிளப்பிவிடுவார். படுத்த ஆடு எழுந்தால் உடனே மூத்திரம் பெய்யும், பிழுக்கை போடும். அப்புறம் கொஞ்சம் தள்ளிப் படுக்கும். ஒரே இடத்தில் எரு குவியாமல் வயல் முழுக்கப் பரவ அதுதான் வழி. மறுநாளே ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும், தாமதித்தால் சத்து ஆவியாகப் போய்விடும். இதைச் செய்யாத சோம்பேறி வருஷங்கள் எனக்கும் உண்டு.

எனக்குப் பிடித்தது சாயங்கால வேளைதான். இளங்குட்டிகளை மேய்ச்சலுக்கு அனுப்ப மாட்டார்கள். கவிழ்த்த கூடைகளுக்குள் பகலெல்லாம் அடைத்திருப்பார்கள். தாய் ஆடுகள் கத்திக்கொண்டு திரும்பும்போது கீதாரியின் மனைவி கூடையைத் தூக்கி, குட்டியின் ஒரு காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி மந்தைக்குள் நுழைவார். நானூறு ஆட்டில் எது எதனுடைய தாய் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரட்டையர் பெயரை வருஷம் முழுக்க மாற்றிக் கூப்பிட்டவன் நான். “எப்படித் தெரியுது?” என்று கேட்டேன். “மொகம் இருக்குல்லங்கய்யா” என்றார்.

அந்த 2022-ல் ஜூன் முதல் வாரம் பக்கத்து மடை திறந்தது. கீதாரி கேட்டது ஒரு வாரம். புதுக்கோட்டைப் பக்கம் மேட்டாங்காட்டில் அவருக்கு இடம் சொல்லியிருந்த தேதி இன்னும் வரவில்லை. நான் டிராக்டருக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். “மூணு நாள், அதுக்கு மேல முடியாது” என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் ராத்திரியே வரப்புக் கசிந்து கிடைக்குள் தண்ணீர் வந்தது. செம்மறியாட்டுக்கு ஈரம் ஆகாது. ஏழு குட்டி போயிற்று. கீதாரி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒரு வாரம் கொடுத்திருக்கலாம்.

பார்ஸ் என்ற தெற்கு ஈரான் மாகாணத்தில், நம் கீதாரிகளைப் போலவே மந்தையோடு நடக்கும் பாசேரிகள் என்று ஓர் இடையர் கூட்டம் உண்டு. கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரத்தோடு, குளிர்காலத்தில் தெற்குச் சமவெளியிலும் கோடையில் வடக்கு மலையிலுமாக வாழ்ந்தவர்கள். நார்வே நாட்டு மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் அவர்களோடு நடந்து, 1961-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் என்னை நிறுத்திய சொல் ‘இல்-ரா’. கூட்டத்தின் பாதை என்று பொருள். இன்ன கூட்டம் இன்ன நாளில் இன்ன இடத்தைக் கடக்கும் என்ற பாத்தியதையும் அதில் அடக்கம். ஒரே நிலத்தை வேறு வேறு வேளையில் வேறு வேறு கூட்டம் ஆளும். 1930-களில் ரேசா ஷா அவர்களை ஓரிடத்தில் கட்டாயமாகக் குடியமர்த்தினார், மந்தை அழிந்தது. 1941-ல் அவர் பதவி இழந்ததும் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள்.

நம் கீதாரிக்கும் அப்படி ஒரு நாட்கணக்கு இருந்தது. எழுதிவைக்காத கணக்கு. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்தக் கணக்கு ஜூன் 12-ஐச் சுற்றி நின்றது. இப்போது அந்த நாளே நிலையாக இல்லை. 2022-ல் மே 24, 2024-ல் ஜூலை 28. போர்வெல் உள்ளவர்கள் ஆற்றைப் பார்க்காமல் சித்திரையிலேயே குறுவை நாற்று விடுகிறார்கள், அதுவும் அவரவர் வசதிப்படி. நடுவில் ஒரு வயல் பச்சையாக இருந்தால் போதும், அந்தப் படுகை முழுக்க ஆடு இறங்க முடியாது. மேய்க்கால் புறம்போக்கு இருந்த இடத்தில் என்னென்ன கட்டடம் நிற்கிறது என்று உங்கள் ஊரில் நீங்களே எண்ணிக்கொள்ளலாம். வரப்பில் அடித்த களைக்கொல்லியை மேய்ந்து செத்த ஆட்டுக்கு யார் பொறுப்பு என்று யாரும் சொல்வதில்லை.

ஆடு உளுந்தில் இறங்கிவிடுகிறது என்று விவசாயிகள் சண்டைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. நானும் போயிருக்கிறேன். ஆனால் பறிப்பு எப்போது முடியும் என்று யாரும் சொல்லாதபோது கீதாரி எந்த நாளை நம்பி லாரி ஏற்றுவார்?

நட்டத்தை இடையன் சுமப்பது பழைய கதை. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவை சாவா மூவாப் பேராடுகள். மந்தையில் எது செத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்று அர்த்தம். நட்டம் இடையன் தலையில். ஆயிரம் வருஷம் கழித்து என் வயலில் ஏழு குட்டி செத்தபோதும் அப்படித்தான். நிவாரணம் உண்டா என்று விசாரிக்க ஓர் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். சொந்த ஊரில் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். ஆடு இருக்கும் ஊரில் அவருக்கு முகவரி இல்லை, முகவரி இருக்கும் ஊரில் ஆடு இல்லை.

45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது என்றால் மிச்ச விலையை அரசாங்கம் கட்டுகிறது. கட்டட்டும். கிடைக்கு அப்படி ஒரு பைசா வேண்டாம். கால்நடை மருத்துவர் தடுப்பூசி போட ஊருக்கு வரும் அன்று வயலில் கிடக்கும் வெளியூர் ஆட்டுக்கும் போட்டால் போதும். ஆடு செத்தால் செத்த ஊரிலேயே எழுதிக்கொண்டால் போதும். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது, அதற்கு இங்கே வேறு விழா எடுக்க வேண்டியதில்லை.

மற்றது நம் கையில். ஜனவரி 26-ல் எல்லா ஊரிலும் கிராம சபை கூடுகிறது. உளுந்துப் பறிப்புக்கு இன்ன நாள் கடைசி, அன்று முதல் இன்ன நாள் வரை இன்னின்ன படுகையில் கிடை போடலாம், அதுவரை அங்கே நாற்று விடுவதில்லை, களைக்கொல்லி அடிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதலாம். தேதியைக் கீதாரிக்குப் போனில் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் நான் கொண்டுபோகிறேன். இதுவரை இரண்டு பேர் கை தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.