குடும்பக் கணக்கு: வேகமான வண்டியும் மலிவான இன்ஷ்யூரன்ஸும்

மோட்டார் சைக்கிள் வாங்கும் விஷயத்தில் நம் வீடுகளில் நடைபெறும் விவாதம் பெரும்பாலும் இரண்டு தலைப்புகளைத் தாண்டிப் போவதில்லை. ஒன்று, வண்டியின் விலை. மற்றொன்று, லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்பது. பையன் ஆசைப்படுவது வேகமான வண்டியாயிருந்தால், அம்மாவின் கவலை மூன்றாவது தலைப்பாக வந்து சேரும். நான்காவதாகவும் ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் வண்டி வாசலுக்கு வருகிற வரையில் யாரும் வாய் திறப்பதில்லை. கடைக்காரர் கொடுக்கும் விலைப் பட்டியலில் ‘இன்ஷ்யூரன்ஸ்’ என்ற வரியைக் கண்ட பிறகுதான் தகப்பனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்க்கிறார்.

“இதைக் கொஞ்சம் குறைக்க வழியில்லையா?” என்பது அவருடைய முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். வழியும் இருக்கிறது. ஆனால் எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதை அறிந்துகொண்டு குறைக்க வேண்டும். தகாத இடத்தில் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய், ஒரு குடும்பம் பல வருஷங்களாகச் சேர்த்த பொருளைக் கொண்டுபோய் விடக்கூடும்.

முதலில், நாம் விலை கொடுத்து வாங்குவது என்ன என்பதைத் தெளிவு செய்து கொள்வோம். மோட்டார் சைக்கிள் இன்ஷ்யூரன்ஸ் என்பது ஒரே சரக்கு அல்ல. இரண்டு சரக்குகளை ஒரே பொட்டலமாகக் கட்டியது. ஒன்று, நம் வண்டியினால் பிறருக்கு நேரும் உயிர்ச் சேதத்துக்கும் காயத்துக்கும் பொருள் நஷ்டத்துக்கும் ஈடு செய்வது. இதை ‘மூன்றாம் நபர்’ இன்ஷ்யூரன்ஸ் என்பார்கள். மற்றொன்று, நம்முடைய வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஈடு செய்வது.

முன்னது சட்டப்படி கட்டாயமானது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு. 1946-இல் அமுலுக்கு வந்தது. 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதையே வற்புறுத்துகிறது. இது இல்லாமல் வண்டி ஓட்டுகிறவருக்கு, 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்படி, முதல் தடவை ரூ. 2,000 அபராதமோ, மூன்று மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறு தடவை அபராதம் ரூ. 4,000. இரண்டாவது சரக்கை வாங்குவதும் விடுவதும் நம் இஷ்டம்.

கட்டாயமான பகுதிக்குக் கட்டணம் நிர்ணயிப்பது கம்பெனியல்ல, மத்திய ஸர்க்கார். ஆகையால் பத்துக் கம்பெனிகளில் விசாரித்தாலும் இதில் ஒரு காசு வித்தியாசம் இராது. இந்தக் கட்டணம் வண்டியின் வேகத்தையோ, விலையையோ, ஓட்டுகிறவரின் வயதையோ பார்ப்பதில்லை. பெட்ரோல் வண்டியானால் இஞ்சினின் கன அளவு ஒன்றையே பார்க்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில், 75-க்கு மேல் 150 ஸி.ஸி. வரையுள்ள வண்டிக்கு வருஷத்துக்கு ரூ. 714; 150-க்கு மேல் 350 வரை ரூ. 1,366, 350-க்கு மேற்பட்டால் ரூ. 2,804. இவற்றோடு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வரியும் சேரும். புது வண்டிக்கு, 2018 செப்டம்பர் முதல், ஐந்து வருஷத் தொகையை ஒரே மூச்சில் கட்டியாக வேண்டும். மேலே சொன்ன அட்டவணையில் அந்தத் தொகை, 150-க்கு மேல் 350 ஸி.ஸி. வரை ரூ. 7,365, அதற்கு மேல் ரூ. 15,117.

இந்த எண்களிலேயே முதல் பாடம் அடங்கியிருக்கிறது. ஹோசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்.ஆர். 310 பந்தய வண்டியின் தோற்றமும் துடிப்பும் உடையது. ஆனால் அதன் இஞ்சின் 312 ஸி.ஸி.தான். ஆகவே, சாவதானமாக ஓடும் 349 ஸி.ஸி. ராயல் என்ஃபீல்டு கிளாஸிக்குக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம்தான் அதற்கும். 398 ஸி.ஸி. டிரையம்ஃப் ஸ்பீட் 400-ஐயோ, 399 ஸி.ஸி. இஞ்சினுள்ள கே.டி.எம். 390 டியூக்கையோ எடுத்துக்கொண்டால் கட்டணம் இரு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் வண்டியின் விலைமீது விதிக்கும் ஜி.எஸ்.டி.யும் அதே 350 ஸி.ஸி. எல்லையில்தான் பிரிகிறது: எல்லைக்குள் நூற்றுக்குப் பதினெட்டு, எல்லையைத் தாண்டினால் நூற்றுக்கு நாற்பது. எனவே, இன்ஷ்யூரன்ஸில் சிக்கனம் செய்யச் சிறந்த சமயம் வண்டி வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்புதான். பையனும் தகப்பனாரும் இந்த எல்லைக்கோட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசினால் சமாதானத்துக்கு இடமுண்டு.

இனி, இரண்டாவது சரக்கைப் பார்ப்போம். சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தை 2007 ஜனவரி முதல் கம்பெனிகளே தீர்மானித்து வருகின்றன. போட்டியும் பேரமும் இங்கேதான். அன்றியும், 2019 செப்டம்பர் முதல் இந்தப் பகுதியை மட்டும் தனி பாலிஸியாக, வேறொரு கம்பெனியிடம் வாங்கவும் இடமிருக்கிறது. ஆகையால் முதல் வருஷத்தில் கடைக்காரர் காட்டிய கம்பெனியையே ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் மூன்று நான்கு கம்பெனிகளின் கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அரைமணி நேர வேலை.

ஆனால் ஒப்பிடுவது ஒரே அளவான சரக்கையா என்பதைக் கவனிக்க வேண்டும். பாலிஸியில் வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை குறிக்கப்படும், அதை ‘ஐ.டி.வி.’ என்பார்கள். வண்டி திருட்டுப் போனாலும் அடியோடு நாசமானாலும் நமக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை அதுதான். வழக்கமான கணக்கின்படி, கம்பெனியின் விற்பனை விலையிலிருந்து, முதல் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 5, ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, மூன்று வருஷத்துக்குள் 30, நான்கு வருஷத்துக்குள் 40, ஐந்து வருஷத்துக்குள் 50 என்று தேய்மானம் கழிப்பார்கள். மூன்று லட்ச ரூபாய் வண்டி, இரண்டரை வருஷம் ஆனபின் ரூ. 2,10,000 பெறும். ஒருவர் அதை ரூ. 1,60,000 என்று எழுதிக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டினால், அது மலிவு அல்ல. வண்டி களவு போன அன்று ஐம்பதினாயிரம் ரூபாயை இழப்பதற்கு நாமே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகும். வேகமான வண்டிகளைத் திருடர்களும் விரும்புகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நியாயமாகக் குறைப்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றுள் தலையாயது ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்னும் சலுகை. ஒரு வருஷம் நஷ்டஈடு கேளாமலிருந்தால் சொந்தச் சேதக் கட்டணத்தில் நூற்றுக்கு 20 தள்ளுபடி. தொடர்ந்து கேளாமலிருந்தால் 25, 35, 45, ஐந்தாவது வருஷத்துக்குப் பின் 50. ஒரே ஒரு தடவை ஈடு கேட்டுவிட்டால் சலுகை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். தள்ளுபடி இல்லாத கட்டணம் ரூ. 5,000 என்றும், அடுத்த வருஷம் 45 சதவிகிதச் சலுகை வரவேண்டியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்நிலையில் கண்ணாடியும் இண்டிகேட்டரும் உடைந்ததற்காக ரூ. 2,000 ஈடு வாங்கினால், வரும் வருஷத்தில் மட்டும் ரூ. 2,250 கைவிட்டுப் போகிறது. அதற்கடுத்த வருஷங்களின் நஷ்டம் தனி. ஆகவே, சில்லறைச் சேதத்தைக் கைப்பணத்தில் சரிசெய்து கொள்வதே விவேகம். இந்தச் சலுகை வண்டியைச் சேர்ந்ததல்ல, மனிதரைச் சேர்ந்தது. பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்குகிறவர் தம் சலுகையைக் கூடவே கொண்டு போகலாம். ஆனால் பாலிஸி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்கத் தவறினால் அது அற்றுப்போகும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு சேதத்திலும் ஒரு சிறு பங்கை நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று முன்கூட்டி ஒப்புக்கொள்வது. அதற்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. சில்லறைச் சேதத்துக்கு எப்படியும் ஈடு கேட்கப் போவதில்லை என்று தீர்மானித்தவருக்கு இது பொருத்தமானது. மூன்றாவது, சொந்தக்காரருக்கான ரூ. 15 லட்சம் விபத்துக் காப்பு. ஏற்கனவே அந்த அளவுக்குக் காப்பு வைத்திருப்பவர், வீட்டில் இரண்டு மூன்று வண்டிகள் இருக்கின்றன என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2019 முதல் இதைத் தனியே ஒரே பாலிஸியாக எடுக்கலாம்.

நான்காவதாக, பலவகை உபரிக் காப்புகளைக் கடையில் சிபாரிசு செய்வார்கள். எல்லாவற்றையும் வாங்குவதும் வீண்; எல்லாவற்றையும் மறுப்பதும் பிசகு. சாதாரண பாலிஸியில் பிளாஸ்டிக், ரப்பர், பாட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். பந்தய மாதிரி வண்டியின் மேலுறையெல்லாம் பிளாஸ்டிக். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் முதலில் உடைவதும் அதுதான். ஆகவே, தேய்மானம் கழிக்காத காப்பு இத்தகைய வண்டிக்கு முதல் சில வருஷங்களில் தகுதியான செலவு. வண்டி பழசான பின் அதை விட்டுவிடலாம்.

நிற்க. இதுவரை கூறியது சிக்கனம். இனிக் கூறுவது, சிக்கனம் என்ற பெயரால் செய்யப்படும் விபரீதம்.

“கட்டாயமானதை மட்டும் வாங்கிவிடுவோம், மற்றது எதற்கு?” என்று சொல்கிறவர்கள் பலர். பழைய, மலிவான வண்டிக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் பாலிஸி, பின் ஸீட்டில் உட்கார்ந்து வருகிறவரைக் காக்காது என்று 2006-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தெருவில் போகிற அந்நியர் அடிபட்டால் கம்பெனி ஈடு கொடுக்கும். அண்ணன் பின்னால் உட்கார்ந்து கல்லூரிக்குப் போகிற தங்கை அடிபட்டால், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். இரண்டு பகுதிகளும் சேர்ந்த முழு பாலிஸியில் பின்னால் வருகிறவருக்கும் பொறுப்பு உண்டு. வேகமான வண்டியில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும் பையன் இருக்கிற வீட்டில், இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

முழு பாலிஸி வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாயிருப்பவரும் அதன் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் வண்டியை உபயோகித்தால் பாலிஸி செல்லாது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலோ, கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வண்டியைப் பழக்க விரும்பும் இளைஞர், அன்றைய சேதம் தம்முடையதே என்று அறிந்து போகட்டும். செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாதவர் கையிலோ, குடித்தவர் கையிலோ வண்டியைக் கொடுத்தாலும் இதே கதிதான். லைசென்ஸ் இல்லாதவரால் பிறருக்கு விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுவதுண்டு. அந்தத் தொகை இறந்தவரின் வயதையும் சம்பாத்தியத்தையும் கொண்டு கணக்கிடப்படுவது. பல லட்சங்களாக இருக்கும்.

வண்டியில் செய்யும் மாறுதல்களும் அப்படியே. சப்தம் அதிகமாகக் கேட்கும் புகைக்குழாய், இஞ்சினின் சக்தியைக் கூட்டும் கருவி முதலியவற்றைப் பொருத்திவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமலிருந்தால், ஈடு கேட்கும் சமயத்தில் அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம். பதிவுச் சான்றில் கண்ட விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவது சட்டத்தின் 52-வது பிரிவுக்கே விரோதம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுப் பத்திரத்தைப் பெயர் மாற்றினால் மட்டும் போதாது. பாலிஸியையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோரவேண்டும். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு தானே வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பு அவ்விதம் வராது. விற்றவரின் போனஸ் சலுகையும் வாங்கியவருக்குச் சேராது. அதை அப்படியே அனுபவித்து வருகிறவர்களின் ஈட்டு மனுவைக் கம்பெனி மறுத்தால் குறை சொல்ல இடமில்லை.

ஆகவே, பாலிஸி எடுக்கும்போது “எவ்வளவு?” என்ற கேள்விக்கு முன்னால், “எதற்கு, யாருக்கு, எவ்வளவு வரையில்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பணம் கட்டியதும் பாலிஸி எண் உண்மையானதா என்று அந்தக் கம்பெனியிடமே நேரில் சரிபார்க்க வேண்டும். மலிவு என்று சொல்லிப் போலிப் பத்திரம் விற்பவர்களும் உண்டு. நியாயமான ஈட்டைக் கம்பெனி மறுத்தால், முதலில் அதன் புகார் அதிகாரிக்கும், பிறகு சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்கும் எழுதலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வேகமான வண்டி கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாலிப வயதில் அந்த ஆசை இயற்கையே. ஆனால் வண்டியின் விலையோடு அதன் பாதுகாப்பின் விலையையும் கூட்டிப் பார்த்து, இரண்டையும் தாங்க முடியுமானால் வாங்குவது. முடியாவிட்டால் ஒரு படி சிறிய இஞ்சினோடு திருப்தியடைவது. குடும்பக் கணக்கு அறிந்தவர்கள் செய்யத் தக்கது இதுவே.