மீனவர் குப்பத்துக்கு ஒரு புதிய துபாஷ்

சர்க்கார் ஒரு சலுகையை அறிவிப்பது ஒரு காரியம். அது உரியவர் கைக்குப் போய்ச் சேருவது வேறு காரியம். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை மீஞ்சூர் ஒன்றியத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பழவேற்காடு, லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம் முதலிய ஊர்களின் ஜனங்களுக்குக் கடலும் ஏரியும்தான் சோறு போடுகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் இந்தத் தடை அவசியமே. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அளிக்கப்படும் நிவாரணத் தொகை ரூ. 8,000 ஆக உயர்த்தப்படும் என்று தமிழக சர்க்கார் 2023-ல் அறிவித்தது. இதைத் தவிர மீன் குறைந்த காலத்துக்கு ஓர் உதவி உண்டு. மீனவர் ரூ. 1,500 சேமித்தால் மத்திய, மாநில சர்க்கார்களின் பங்கும் சேர்ந்து ரூ. 4,500 ஆகத் திரும்பக் கிடைக்கும் திட்டமும் உண்டு.

திட்டங்களுக்குக் குறைவில்லை. எந்தத் திட்டம் யாருக்கு, எந்தக் காகிதத்தோடு, எந்தத் தேதிக்குள் என்பதுதான் புரிவதில்லை. ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும் பாங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்துவிட்டால் பணம் நின்றுபோகும். ஏன் நின்றது என்று கேட்டறியப் பொன்னேரிக்குப் போனால் அன்றைய பிழைப்பு போயிற்று. ஒரு முறை போய்க் காரியம் முடிந்தால் அதிர்ஷ்டம்தான்.

புது யந்திரம்

இந்தச் சிரமத்தைப் போக்க இப்போது ஒரு புதிய சாதனம் வந்திருக்கிறது. ஆக்கத் திறன் கொண்ட செயற்கை நுண்ணறிவு என்று அதற்குப் பெயர். கேட்ட கேள்விக்கு மனிதர் பேசுவதைப் போலவே அது பதில் சொல்லும். மனுவும் எழுதித் தரும்.

2023 ஏப்ரலில் ஹரியானா மாநிலத்தில் பிவான் என்ற கிராமத்தில் ‘ஜுகல்பந்தி’ என்ற பெயரில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ‘ஏ.ஐ. ஃபார் பாரத்’ குழுவின் மொழிபெயர்ப்பு முறையும் மைக்ரோஸாப்ட் நிறுவனத்தின் யந்திர அறிவும் அதில் சேர்ந்திருந்தன. கிராமவாசி வாட்ஸ்-அப்பில் தம் பாஷையில் பேசுவார். யந்திரம் அந்தப் பேச்சை எழுத்தாக்கி, இங்கிலீஷுக்கு மாற்றி, திட்ட விவரங்களில் தேடி, விடையை மறுபடியும் அவருடைய பாஷையிலேயே பேசிக் காட்டும். தொடக்கத்தில் 10 பாஷைகளும் 171 திட்டங்களும் அதற்குத் தெரிந்திருந்தன. அதற்கு முந்திய ஆண்டே, 2022 ஜூலையில், இந்திய பாஷைகளுக்கான ‘பாஷிணி’ திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கியிருந்தது. பழவேற்காட்டு ஏரியின் அக்கரையில், ஆந்திர சர்க்கார் 2025 ஜனவரி 30-ல் ‘மன மித்ரா’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்-அப் வழியாகவே தரத் தொடங்கியது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மீனவர் வாயால் கேட்டு, காதால் விடை பெற முடியும் என்றால் அது எவ்வளவு பெரிய அனுகூலம்! மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாகப் போகும் பெண்ணுக்கும் இது பயன்படும். இதை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

துபாஷின் பலமும் பலவீனமும்

ஆனால் பழவேற்காட்டுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்தார்கள். சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் வெள்ளைக்காரருக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேசியவர்கள் துபாஷிகள். அவர் சொன்னது இவருக்கு விளங்காது. இவர் சொன்னது அவருக்கு விளங்காது. நடுவே நின்றவர் வைத்ததே சட்டம். நல்ல துபாஷ் கிடைத்தால் வியாபாரம் செழித்தது. இல்லாவிட்டால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

இந்தப் புது யந்திரமும் ஒரு துபாஷ்தான். ஏராளமான எழுத்துக்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் அமைப்பதே அதன் வேலை. அதற்கு மெய்யும் தெரியாது, பொய்யும் தெரியாது. தெரியாத விஷயத்தையும் தெரிந்ததுபோலவே, தயக்கமில்லாமல், நல்ல தமிழில் சொல்லிவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஆந்திர மாநிலம் தன் மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணத்தை 2025-ல் ரூ. 20,000 ஆக்கியது. ஏரி ஒன்று, சர்க்கார் இரண்டு. ‘பழவேற்காட்டு மீனவருக்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்று கேட்டால் யந்திரம் எந்தக் கரையின் தொகையைச் சொல்லும்? இரண்டு கரைச் செய்திகளையும் அது படித்திருக்கிறது. இருபதாயிரம் வரும் என்று நம்பி ஒருவர் கடன் வாங்கிவிட்டால், அந்தக் கடனை யந்திரமா அடைக்கும்?

பாஷையிலும் சிக்கல் உண்டு. ‘பாடு’ என்றால் புத்தகத் தமிழில் கஷ்டம் என்றும் உழைப்பு என்றும் பொருள். பழவேற்காட்டில் அதற்கு வேறு அர்த்தம். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்தத் தலைக்கட்டு வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கே அங்கே பாடு என்று பெயர். ‘என் பாடு போய்விட்டது’ என்று ஒருவர் முறையிட்டால் யந்திரம் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்! அவரோ தம் உரிமையைப் பற்றிப் பேசுகிறார்.

இவை வெறும் கற்பனைப் பயங்கள் அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகர நிர்வாகம் 2023-ல் இப்படி ஒரு யந்திரத்தை வியாபாரிகளுக்காக வைத்தது. தொழிலாளிக்கு வாடிக்கையாளர் தரும் இனாம் பணத்தை முதலாளி எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல, சட்டத்துக்கு நேர் விரோதமான யோசனைகளை அது சொன்னதாக 2024 மார்ச்சில் பத்திரிகையில் அம்பலமாயிற்று. கனடாவில் ஒரு விமானக் கம்பெனியின் யந்திரம் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. பயணி வழக்குப் போட்டார். ‘யந்திரம் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் அந்நாட்டுத் தீர்ப்பாயம் தள்ளிவிட்டு, நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது.

செய்ய வேண்டியது என்ன?

கனடாவில் கிடைத்த அந்த நியாயம் மீஞ்சூர் மீனவருக்கும் கிடைக்க வேண்டும். சர்க்கார் வைத்த யந்திரம் சொல்வது சர்க்கார் சொல்வதே. அதை நம்பி ஒருவர் நஷ்டப்பட்டால் அந்த நஷ்டத்தைச் சர்க்கார்தான் ஏற்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் போதும். மற்ற ஜாக்கிரதைகள் தாமாகவே வந்துவிடும்.

யந்திரம் தன் சொந்தக் கணிப்பில் பதில் சொல்லக் கூடாது. அரசாணையைத் தேடி எடுத்து, அதன் எண்ணையும் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணை கிடைக்காவிட்டால் ‘தெரியாது’ என்று ஒப்புக்கொண்டு, ஓர் உத்தியோகஸ்தரிடம் விஷயத்தை ஒப்படைக்க வேண்டும். காற்று, அலை பற்றிய எச்சரிக்கையில் இந்தக் கண்டிப்பு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். ஹைதராபாதிலுள்ள கடல் தகவல் மையம் வெளியிடும் அறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்ல வேண்டும். அங்கே தவறு நேர்ந்தால் உயிர் போகும்.

மனுவை எழுதித் தரட்டும். என்ன காகிதம் குறைகிறது என்று காட்டட்டும். ‘உனக்கு நிவாரணம் இல்லை’ என்று முடிவு சொல்லும் அதிகாரம் மட்டும் அதற்குக் கூடாது. அதைப் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும். அப்போதுதான் மேல் முறையீடு செய்ய முடியும்.

ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களையும் மறந்துவிடக் கூடாது. சாதிச் சான்றும் பட்டாவும் இல்லாதவருக்கு எந்த யந்திரமும் உதவாது. அவர்களைத் தேடி உத்தியோகஸ்தர்தான் போக வேண்டும். யந்திரம் வந்துவிட்டது என்று சொல்லி அலுவலக ஜன்னலை மூடிவிட்டால், இருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்போடும் நெறியோடும் பயன்படுத்துவதற்குத் தமிழக சர்க்கார் 2020-லேயே ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அதை ஏட்டளவில் வைத்திருக்காமல் குப்பத்துக்குக் கொண்டுபோகலாம். எடுத்த எடுப்பில் நூறு சேவை வேண்டாம். தடைக்கால நிவாரணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீஞ்சூர் ஒன்றியத்துக் குப்பங்களில் பரீட்சை செய்யட்டும். மீனவர்களும் மீன் விற்கும் பெண்களும் தங்கள் வாய்ப் பேச்சிலேயே கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். யந்திரம் தவறியதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டித் திருத்தட்டும். அடுத்த ஏப்ரல் 15-ந் தேதி படகுகள் கரையேறும்போது, எவ்வளவு பணம், என்றைக்கு வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சரியான விடை கிடைத்துவிட்டால், இந்தப் புதிய துபாஷ் தன் கூலியைச் சம்பாதித்துவிட்டது என்று சொல்லலாம்.